ஸ்பிட்ஃபயர் விமானியின் இடது கை

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது படியுங்கள். என்னிடம் எட்டாம் வகுப்பில் சமூக அறிவியல் படித்தவர்கள் மட்டும் கட்டாயம் படிக்க வேண்டும். உங்களில் ஒருவனுக்கு நான் சொல்ல வேண்டிய பதில் ஒன்று பாக்கி இருக்கிறது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

இரண்டாம் உலகப் போர் அந்த வகுப்புப் பாடத்தில் கிடையாது. ஆனாலும் வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடில் பிள்ளைகள் தூங்கி வழியாமல் இருக்க நான் போர்க் கதைகள் சொல்வது வழக்கம். அதில் எனக்கு மிகவும் பிடித்தது பிரிட்டன் வான்போர். 1940 ஜூலை 10 முதல் அக்டோபர் 31 வரை, தெற்கு இங்கிலாந்தின் வானத்தில் ஜெர்மானிய விமானப் படையும் பிரிட்டிஷ் விமானப் படையும் மோதிய கதை. ஸ்பிட்ஃபயர் எப்படிப் பாயும், மெஸ்ஸர்ஷ்மிட் எப்படித் திரும்பும் என்று கையை விமானம் போல வைத்துக்கொண்டு வகுப்பு முழுக்கச் சுற்றி வருவேன்.

ஒரு நாள் பின் பெஞ்சுப் பையன் ஒருவன் எழுந்து கேட்டான்: "சார், விமானத்தை எந்தக் கையால ஓட்டுவாரு, எந்தக் கையால சுடுவாரு?"

வகுப்பு சிரித்தது. நானும் சிரித்துவிட்டு, "தைரியம் இருக்கிறவனுக்கு ஒரு கை போதும்டா, உட்காரு" என்றேன். கைதட்டல் கிடைத்தது. உண்மையில் எனக்குப் பதில் தெரியாது. தெரியாததை மறைக்க அப்படி ஒரு வசனம் பேசினேன். அது நல்ல கேள்வி என்று புரிய எனக்கு ஓய்வு பெற்று இத்தனை காலம் ஆகியிருக்கிறது.

கல்லூரி விடுமுறைக்கு வந்திருந்த பேரன் என் கணினியில் ஒரு விமானச் சிமுலேட்டரை ஏற்றிக் கொடுத்தான். 'க்ளிஃப்ஸ் ஆஃப் டோவர்' என்று பெயர். 2011இல் வெளிவந்தது. களமே 1940இன் ஆங்கிலக் கால்வாய்தான். ஒரு ஜாய்ஸ்டிக்கும், த்ராட்டிலுக்கு ஒரு தனி நெம்புகோலும் வாங்கி வைத்திருந்தான். "தாத்தா, இதுல ஈஸியா ஒண்ணு இருக்கு, நிஜமாவே ஓட்டுற மாதிரி ஒண்ணு இருக்கு. எது வேணும்?" என்றான். இத்தனை வருடம் பாடம் நடத்திய கர்வத்தில் "நிஜம்" என்றேன்.

முதல் நாள் நான் தரையை விட்டே கிளம்பவில்லை. எந்த எதிரியும் என்னைச் சுடவில்லை. என் எஞ்சினை நானே நான்கு முறை கொன்றேன்.

ஏன் என்று சொல்கிறேன். ஸ்பிட்ஃபயரின் இதயம் ரோல்ஸ்-ராய்ஸ் மெர்லின் எஞ்சின். V வடிவில் 12 சிலிண்டர், 27 லிட்டர் கொள்ளளவு, சுமார் 1000 குதிரைத்திறன். அதைக் குளிர்விக்கும் திரவம் வலது இறக்கைக்கு அடியில் உள்ள ரேடியேட்டர் வழியாக ஓடுகிறது. பறக்கும்போது காற்று அடித்துக்கொண்டு போவதால் கவலை இல்லை. தரையில் நிற்கும்போது காற்றோட்டம் குறைவு. போதாக்குறைக்கு, கீழே இறக்கிவிட்ட சக்கரத்தின் கால் ரேடியேட்டருக்கு நேர் முன்னால் வந்து கொஞ்சநஞ்சக் காற்றையும் மறைக்கிறது. மலைப்பாதையில் அம்பாசடர் கார் கொதித்து ஓரங்கட்டி நிற்குமே, பானெட்டைத் திறந்து வைத்துத் தண்ணீர் தேடுவோமே, அதே கதைதான். எஞ்சினைக் கிளப்பிய சில நிமிடங்களுக்குள் ஓடுபாதைக்குப் போய் மேலே ஏறிவிட வேண்டும். தாமதித்தால் கொதித்துவிடும்.

சரி, கிளப்பியவுடனே பறந்துவிடலாமே என்றால் அதுவும் முடியாது. குளிர்ந்த எஞ்சினில் எண்ணெய் கெட்டியாக இருக்கும். அது இளகி எல்லா இடத்துக்கும் போய்ச் சேருவதற்கு முன் முழு விசை கொடுத்தால் பேரிங் போய்விடும். சூடாகவும் வேண்டும், கொதிக்கவும் கூடாது. இதற்கு நடுவே, நீண்ட மூக்கு மறைப்பதால் முன்னால் இருப்பது எதுவும் தெரியாது. பாம்பு போல இடதும் வலதுமாக வளைந்து வளைந்து ஓட்டித்தான் பாதையைப் பார்க்க வேண்டும். நான் வளைந்துகொண்டிருந்த நேரத்தில் என் மெர்லின் கொதித்து முடிந்திருந்தது.

அப்போதுதான் ஒன்று உறைத்தது. 'உத்தரவு வந்ததும் ஓடிப்போய் ஏறி இரண்டு மூன்று நிமிடத்தில் வானில் இருப்பார்கள்' என்று வகுப்பில் பெருமையாகச் சொல்வேன். அது எப்படி முடிந்தது? விடியும் முன்பே தரைப் பணியாளர்கள் வந்து ஒவ்வொரு எஞ்சினையும் ஓடவிட்டுச் சூடாக்கி வைத்திருப்பார்கள். கிளப்புவதற்கான பேட்டரி வண்டியை விமானத்தில் சொருகியே வைத்திருப்பார்கள். விமானி ஓடி வந்ததை மட்டும் சொல்லி, அந்த மெக்கானிக்குகளைப் பற்றி ஒரு நாளும் நான் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

இரண்டாம் நாள் ஒருவழியாகக் கிளம்பினேன். பேரன் பக்கத்தில் உட்கார்ந்து, "தாத்தா, ரேடியேட்டரைப் பாருங்க. தாத்தா, ஆர்.பி.எம். குறைங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தான். மேலே போனதும்தான் இடது கைக்கு எவ்வளவு வேலை என்று தெரிந்தது.

வலது கை கட்டுப்பாட்டுக் கம்பியில் இருக்கும். சுடும் பொத்தானும் அதிலேயே இருக்கிறது, கட்டைவிரலால் அழுத்த வேண்டும். இடது கைக்கு த்ராட்டில் ஒன்று, புரொப்பல்லர் நெம்புகோல் ஒன்று, ரேடியேட்டர் மடலைத் திறந்து மூட ஒன்று, விமானம் மூக்கைத் தூக்காமலும் தாழ்த்தாமலும் சமன்செய்ய ஒரு சிறு சக்கரம். ஆரம்பகால ஸ்பிட்ஃபயர்களில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. சக்கரங்களை மேலே இழுக்க வலப்பக்கம் ஒரு கைப்பம்பு. தரையை விட்டு எழுந்ததும் இடது கைக்குக் கம்பியை மாற்றிக்கொண்டு வலது கையால் பம்ப் அடிக்க வேண்டும். ஒரு கை பம்ப் அடிக்க, மறு கையும் தன்னை அறியாமல் சேர்ந்து ஆடும். புது விமானிகளின் விமானம் கடலில் மீன் துள்ளுவது போல மேலும் கீழுமாகத் துள்ளிக்கொண்டே ஏறுமாம்.

புரொப்பல்லர் நெம்புகோல் எதற்கு என்று எனக்கு முதலில் விளங்கவில்லை. வண்டியின் கியர் போல நினைத்துக்கொள்ளுங்கள். மேட்டில் ஏற முதல் கியர், சமதளத்தில் வேகமாகப் போக டாப் கியர். விமானத்தில் புரொப்பல்லர் இதழ்களின் சாய்வை மாற்றுவதுதான் கியர் மாற்றுவது. முதலில் வந்த ஸ்பிட்ஃபயர்களில் சாய்வு மாறாத மரப் புரொப்பல்லர், அதாவது ஒரே கியர். அடுத்து வந்தது இரண்டே நிலைகள் கொண்டது. அதன் பிறகு வந்ததில் விமானி சுழற்சி வேகத்தை மட்டும் சொன்னால் போதும், அதற்கேற்ற சாய்வை ஒரு கவர்னர் தானாகவே மாற்றிக்கொள்ளும்.

இந்த மூன்றாம் வகைக்கு மாறியது எப்போது தெரியுமா? 1940 ஜூன் கடைசியில் தொடங்கி ஆகஸ்ட் நடுவில் முடித்தார்கள். டி ஹாவிலாண்ட் நிறுவனத்தின் ஆட்கள் விமானத் தளம் தளமாகப் போய், இரவு பகல் பாராமல், 1000க்கும் மேற்பட்ட ஸ்பிட்ஃபயர், ஹரிகேன் விமானங்களில் அங்கேயே வைத்து மாற்றிக் கொடுத்தார்கள். தலைக்கு மேலே வான்போர் தொடங்கிவிட்ட நேரம். இதனால் விமானங்கள் இன்னும் விரைவாக, இன்னும் உயரத்துக்கு ஏறின. விமானியின் தலையில் இருந்த ஒரு வேலையும் போனது.

ஆனாலும் வரிசை முக்கியம். விசை கூட்டும்போது முதலில் சுழற்சியைக் கூட்டி, பிறகு த்ராட்டிலைத் தள்ள வேண்டும். குறைக்கும்போது முதலில் த்ராட்டில், பிறகு சுழற்சி. மாற்றிச் செய்தால் எஞ்சினுக்குள் எரிபொருள் முறைதவறி வெடித்து பிஸ்டனைப் பதம்பார்க்கும். மெர்லினுக்குள் தள்ளப்படும் காற்றின் அழுத்தத்தை பூஸ்ட் என்பார்கள். 1940இல் 100 ஆக்டேன் பெட்ரோல் கிடைத்ததால் ஆபத்து நேரத்தில் அதை +6¼ பவுண்டிலிருந்து +12 வரை கூட்ட முடிந்தது. ஆனால் 5 நிமிடம்தான். உயிர் பிழைக்க ஓடும்போதும் ஒரு கடிகாரம் மனதுக்குள் ஓட வேண்டும்.

மூன்றாம் வாரம் ஒரு மெஸ்ஸர்ஷ்மிட் 109 எனக்கு நேர் முன்னால் வந்தது. நான் சுடப் போகும் நேரம், அவன் மூக்கைக் கீழே குத்திக்கொண்டு சரேலென்று இறங்கினான். நானும் கம்பியை முன்னால் தள்ளினேன். என் எஞ்சின் இருமியது. பிறகு கறுப்புப் புகை கக்கிக்கொண்டு நின்றே போனது. மறுபடி அது உயிர் பெறுவதற்குள் அவன் ஒரு புள்ளியாகிவிட்டான். "தாத்தா, மூக்கைக் குத்தாதீங்க. விமானத்தைக் குப்புறப் புரட்டிட்டு அப்புறம் இழுத்து இறங்குங்க" என்றான் பேரன்.

இது சிமுலேட்டரின் கோளாறு என்றுதான் நினைத்தேன். இல்லை, சரித்திரம். மெர்லினில் இருந்தது மிதவை வைத்த கார்புரேட்டர். நம் பழைய ஸ்கூட்டர்களில் இருந்த அதே தத்துவம். மூக்கை வேகமாகத் தாழ்த்தும்போது உள்ளே இருக்கும் பெட்ரோல் கிண்ணத்தின் மேற்பக்கம் போய் ஒட்டிக்கொள்ளும். ஒரு கணம் எஞ்சினுக்குப் பெட்ரோல் இல்லை. அடுத்த கணம் மிதவை இடம் மாறி, பம்ப் தள்ளும் பெட்ரோல் அத்தனையும் உள்ளே பாய்ந்து எஞ்சின் மூச்சுத் திணறும். மெஸ்ஸர்ஷ்மிட்டின் டைம்லர்-பென்ஸ் எஞ்சினில் கார்புரேட்டரே இல்லை. சிலிண்டருக்குள் நேரடியாக எரிபொருளைப் பீய்ச்சும் ஏற்பாடு. எப்படித் தலைகீழாகப் போனாலும் அது நிற்காது. ரோல்ஸ்-ராய்ஸ்காரர்கள் முட்டாள்கள் இல்லை. கார்புரேட்டரில் பெட்ரோல் ஆவியாகும்போது உள்ளே போகும் காற்று குளிர்ந்து, எஞ்சினுக்குக் கூடுதல் சக்தி கிடைக்கும் என்பது அவர்கள் கணக்கு. கணக்கு சரிதான். அதன் விலையைக் கொடுத்தது விமானி.

இதற்கு மருந்து கண்டவர் ஒரு பெண். பெயர் பியாட்ரிஸ் ஷில்லிங், பிறந்தது 1909இல். மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் மின் பொறியியல் படித்தவர். ப்ரூக்லேண்ட்ஸ் பந்தயத் திடலில் நார்ட்டன் மோட்டார் சைக்கிளை மணிக்கு 106 மைல் வேகத்தில் ஓட்டித் தங்க நட்சத்திரம் வாங்கியவர். ஃபார்ன்பரோவில் இருந்த அரசு விமான ஆய்வு நிலையத்தில் கார்புரேட்டர் வேலை அவருடையது. எஞ்சினை மாற்றி வடிவமைக்க நாள் இல்லை. அவர் செய்தது நடுவில் ஓட்டை போட்ட ஒரு சிறு பித்தளைத் துண்டு. எஞ்சின் முழு விசையில் ஓடும்போது எவ்வளவு பெட்ரோல் வேண்டுமோ அவ்வளவு மட்டுமே போகும்படி அளவெடுத்த ஓட்டை. அதைக் கார்புரேட்டருக்குப் போகும் குழாயில் வைத்தால் எஞ்சினுக்கு மூச்சுத் திணறல் இல்லை. விமானத்தைப் பட்டறைக்கு அனுப்பவும் வேண்டாம். 1941 தொடக்கத்தில் ஷில்லிங்கும் அவருடைய சிறு குழுவும் தளம் தளமாகப் போய்ப் பொருத்தினார்கள். அவர் தன் மோட்டார் சைக்கிளிலேயே போவார்.

தேதியைக் கவனியுங்கள். 1941. பிரிட்டன் வான்போர் முடிந்தது 1940 அக்டோபரில். அந்தக் கோடை முழுவதும் விமானிகள், எதிரி மூக்கைத் தாழ்த்தினால் நாம் புரட்டிப் போட்டுத்தான் தொடர வேண்டும் என்ற பாடத்தைக் கையில் ஏற்றிக்கொண்டே சண்டையிட்டார்கள். ஏற்றிக்கொள்ள நேரம் இல்லாதவர்களும் இருந்தார்கள். அந்தக் கோடையில் படைக்கு வந்த இளைஞர்கள் பலருக்கு வயது 20ஐ ஒட்டி. ஸ்பிட்ஃபயரிலோ ஹரிகேனிலோ அவர்கள் பறந்திருந்தது 10, 20 மணி நேரம்தான். நான் சிமுலேட்டரில் அதைவிட அதிக நேரம் செலவழித்துவிட்டேன். இன்னும் சூடு காட்டும் முள்ளைப் பார்க்கும்போதெல்லாம் சுடப்படுகிறேன்.

ஆம், இதுதான் நான் கண்டுகொண்ட விஷயம். ஒவ்வொரு முறை விழுந்த பிறகும் யோசித்துப் பார்த்தேன். நான் பயந்ததால் விழவில்லை. சுடத் தெரியாததாலும் பெரும்பாலும் விழவில்லை. எதிரி பின்னால் வந்த அந்த இரண்டு நொடியில் என் கண் விமானத்துக்கு உள்ளே, ஏதோ ஒரு முள்ளின் மேல் இருந்தது. இடது கைக்கு வேலை கூடினால் கண் உள்ளே வரும். கண் உள்ளே வந்தால் எதிரி தெரியமாட்டான். தெரியாத எதிரிதான் கொல்கிறான்.

ஜெர்மானியர்களுக்கும் இது சுலபமாக இல்லை. 1940இன் தொடக்ககால 109களில் புரொப்பல்லர் சாய்வை விமானியே ஒரு சுவிட்சால் மாற்ற வேண்டும். அதைக் காட்ட ஒரு குட்டிக் கடிகாரம், இதழின் சாய்வை மணி நேரமாகக் காட்டும். பாய்ந்து இறங்கும்போது மாற்ற மறந்தால் எஞ்சின் அளவுக்கு மீறிச் சுழன்று நொறுங்கும். ஒரு பக்கம் பித்தளை ஓட்டைக்குக் காத்திருந்தவன், மறு பக்கம் குட்டிக் கடிகாரத்தைப் பார்த்தவன். இருவருக்கும் இருந்தது இரண்டு கண்கள்தான்.

ஜெர்மானியர்கள் இதைப் புரிந்துகொண்டார்கள். 1941 இலையுதிர் காலத்தில் பிரான்சின் மேல் தோன்றிய ஃபோக்கவுல்ஃப் 190இல் ஒரே ஒரு நெம்புகோல். அதைத் தள்ளினால் சுழற்சி, எரிபொருள் கலவை, தீப்பொறி நேரம், சூப்பர்சார்ஜர் எல்லாவற்றையும் ஒரு கருவி தானே பார்த்துக்கொள்ளும். அந்த விமானம் பிரிட்டிஷாரைத் திணறடித்தது. இது மட்டுமே காரணம் என்று சொல்லமாட்டேன், வேகத்திலும் புரள்வதிலும் அது சிறந்தது. 1942 ஜூன் 23 அன்று அர்மின் ஃபாபர் என்ற ஜெர்மானிய விமானி திசை தவறி, தன் நாட்டுப் பக்கம் என்று நினைத்து வேல்ஸில் உள்ள பெம்ப்ரி தளத்தில் இறங்கிவிட்டார். அப்போதுதான் பிரிட்டிஷாருக்கு ஒரு முழு 190 கையில் கிடைத்தது.

அமெரிக்கர்களுக்கும் இதே பாடம்தான். பி-38 லைட்னிங்கில் இரண்டு எஞ்சின்கள். குண்டுவீச்சு விமானங்களுக்குக் காவலாக, எரிபொருளை மிச்சம் பிடித்து மணிக்கணக்கில் மெதுவாகப் போகும் ஓர் இளைஞனின் மேல் எதிரி பாய்ந்தால் அவன் என்ன செய்ய வேண்டும்? பெட்ரோலை உள் டேங்குக்கு மாற்ற வேண்டும், வெளி டேங்குகளைக் கழற்றி விட வேண்டும், இரண்டு எஞ்சினுக்கும் கலவையை மாற்ற வேண்டும், சுழற்சியைக் கூட்ட வேண்டும், பிறகு விசையைக் கூட்ட வேண்டும், துப்பாக்கிச் சூடேற்றியைப் போட வேண்டும், சண்டைக்கான சுவிட்சைப் போட வேண்டும். வரிசை தவறினால் எஞ்சின் போய்விடும். 20ஆவது ஃபைட்டர் குரூப்பின் தளபதி கர்னல் ஹெரால்ட் ராவ், 1944 ஜூனில் இதை எல்லாம் படிப்படியாக எழுதி, சராசரி விமானிக்கு இந்த விமானம் மிகவும் சிக்கலானது என்று மேலிடத்துக்கு அறிக்கை அனுப்பினார். தன் பையன்களைக் குறை சொல்லவில்லை. அடுத்த மாதம் அந்தக் குரூப் மஸ்டாங் விமானத்துக்கு மாறியது. அதில் எஞ்சின் ஒன்று, ரேடியேட்டர் கதவு தானாகத் திறந்து மூடும்.

நமக்கும் இதில் ஒரு சிறு தொடர்பு உண்டு. பிரிட்டிஷ் விமானப் படையின் 79ஆம் ஸ்குவாட்ரனுக்கும் 234ஆம் ஸ்குவாட்ரனுக்கும் 'மெட்ராஸ் பிரெசிடென்சி' என்று பெயர். சென்னை மாகாணம் போர் நிதி கொடுத்ததற்காக வைத்த பெயர். 1940இல் முதலாவது பறந்தது ஹரிகேனில், இரண்டாவது ஸ்பிட்ஃபயரில். இரண்டிலும் அதே மெர்லின், அதே மிதவைக் கார்புரேட்டர்.

சிமுலேட்டரைப் பெரிதாகப் புகழவும் நான் தயாராக இல்லை. நான் மின்விசிறிக்குக் கீழே, பக்கத்தில் டீ டம்ளரோடு உட்கார்ந்திருக்கிறேன். அவர்கள் 25,000 அடியில், மைனஸ் 30 டிகிரிக்கும் கீழான குளிரில், கையுறையோடு, ஆக்சிஜன் முகமூடிக்குள் மூச்சுவிட்டுக்கொண்டு இதே நெம்புகோல்களைத் தேடினார்கள். நான் விழுந்தால் மறுபடி தொடங்கும் பொத்தான் இருக்கிறது. பிரிட்டன் வான்போரில் மட்டும் பிரிட்டிஷ் தரப்பில் இறந்த விமானப் படையினர் 544 பேர். அவர்களுக்கு அந்தப் பொத்தான் இல்லை.

ஆனால் பாடப் புத்தகம் எனக்குச் சொல்லாத ஒன்றை அது என் கைக்குச் சொன்னது. தைரியம் எல்லாரிடமும் இருந்தது, இரண்டு தரப்பிலும் இருந்தது. அந்தத் தைரியத்தைப் பயன்படுத்த விமானிக்குக் கண்ணும் கையும் ஓய்வாக வேண்டும். அதைக் கொடுத்தது விடியலில் எஞ்சினைச் சூடாக்கியவர், இரவில் புரொப்பல்லரை மாற்றியவர், மோட்டார் சைக்கிளில் பித்தளைத் துண்டு கொண்டுபோன பெண், 'இது சிக்கலாக இருக்கிறது' என்று மேலிடத்துக்கு எழுதத் துணிந்த அதிகாரி. இத்தனை பேரையும் விட்டுவிட்டு நான் வீரத்தை மட்டும் சொல்லிக் கொடுத்தேன். வீரம் இருந்தால் போதும் என்று நம்பிய ஒரு பிள்ளை என் வகுப்பில் இருந்திருந்தால், அது என் தவறு.

இப்போது அந்தக் கடைசி பெஞ்சுப் பையனுக்கு. தம்பி, உன் பெயர் எனக்கு நினைவிருக்கிறது, இங்கே போடவில்லை. உன் கேள்விக்குப் பதில் இதுதான்: விமானத்தைத் திருப்பியதும் சுட்டதும் வலது கை. அந்த வலது கை சுடுவதற்கு விமானம் வானில் இருக்க வேண்டுமே, அதற்காக ஓயாமல் வேலை செய்தது இடது கை. ஒரு கை போதும் என்று நான் சொன்னது தப்பு. உன்னை உட்கார வைத்ததும் தப்பு.

இதைப் படித்தால் ஒரு வரி எழுது. இந்தப் பக்கம் வந்தால் வீட்டுக்கும் வா. ஸ்பிட்ஃபயர் தயாராக இருக்கிறது. ஆனால் ரேடியேட்டரைத் திறக்க மறந்துவிடாதே.